ஹைப்போ எங்கே கிடைக்கும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆன்லைனில் ஒரு கிலோ ஹைப்போ வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூரியர் தம்பி வாசலில் கொடுத்துவிட்டுப் போகும் அந்தப் பொட்டலத்தில் சுமார் 360 கிராம் வெறும் தண்ணீர். யாரும் ஏமாற்றவில்லை. சோடியம் தயோசல்பேட் படிகம் ஒவ்வொன்றும் ஐந்து மூலக்கூறு நீரைத் தனக்குள் கட்டி வைத்துக்கொண்டுதான் படிகமாகிறது. மொத்த மூலக்கூறு எடை 248, அதில் நீர் மட்டும் 90. நம் வீட்டுக் குழாயில் வருகிற அதே தண்ணீருக்கு, எங்கோ ஒரு ஊரிலிருந்து வண்டிச் சத்தம் கொடுத்து வரவழைக்கிறோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில காலமாக என் பழைய மாணவர்கள் சிலர் பிலிம் கேமராவைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அப்பா வைத்திருந்தது, சித்தப்பா வைத்திருந்தது என்று பரணிலிருந்து இறக்கி, வீட்டுக் குளியலறையிலேயே பிலிமைக் கழுவுகிறார்கள். அவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சார், கெமிக்கல் ஆன்லைன்ல வாங்கலாமா, கடையில தேடலாமா?" விலையைப் பார்த்துக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் புகைப்படக் கலையின் வயதுதான் வயது. ஒவ்வொரு காலத்திலும் அதற்கு விடை சொன்னது விலையைவிட அந்தந்த ரசாயனத்தின் குணம்தான். அது எரியுமா, கெடுமா, எவ்வளவு தண்ணீரைச் சுமக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தபாலா கடையா என்பது முடிவாகியிருக்கிறது.

ஹைப்போவின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1819-ல் இந்த உப்பை ஆராய்ந்து, நீரில் கரையாத வெள்ளி உப்புகளை இது கரைத்துவிடுகிறது என்று எழுதிவைத்தார். இருபது வருடம் அதனால் யாருக்கும் பெரிய பயனில்லை. 1839 ஜனவரியில் பாரிஸில் டாகேரின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. வெள்ளிப் பூச்சுள்ள செப்புத் தகட்டில் ஒளி உருவம் எழுதுகிறது, ஆனால் அதை நிலைநிறுத்த முதலில் கையாண்டது சாதாரண உப்புக் கரைசல். அதே மாதத்திலேயே ஹெர்ஷல் தன் பழைய உப்பை எடுத்துச் சோதித்துப் பார்த்து, இதுதான் சரியான மருந்து என்று கண்டுகொண்டார். விரைவில் டாகேரும் அதற்கு மாறினார். இன்றுவரை கருப்பு வெள்ளைப் படத்தை நிலைநிறுத்துவது அந்தக் குடும்பத்து உப்புதான்.

பெயரில் மட்டும் ஒரு பிசகு. அந்தக் காலத்தில் அதை 'ஹைப்போசல்பைட்' என்று அழைத்தார்கள். பிற்கால வேதியியல் அது தவறு, தயோசல்பேட் என்பதே சரி என்றது. அதற்குள் 'ஹைப்போ' என்ற செல்லப்பெயர் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தப் பெயர்ப் பிசகு இன்று ஆபத்தான இடத்துக்குக் கொண்டுபோகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, 1840-களில் ஒருவர் போட்டோ எடுக்க ஆசைப்பட்டால் அயோடினுக்கும் பாதரசத்துக்கும் வெள்ளி நைட்ரேட்டுக்கும் எங்கே போவார்? போட்டோ கடை என்று ஒன்று கிடையாது. மருந்துக் கடைக்குத்தான் போவார். வெள்ளி நைட்ரேட் புண்ணைச் சுடுவதற்காக அங்கே இருந்தது. அயோடினும் பாதரசமும் மருந்தாகவே இருந்தன. அளந்து கொடுக்கத் தராசும், எது எதோடு சேரக்கூடாது என்று தெரிந்த ஆளும் அங்கே உண்டு. ஆக, புகைப்படக் கலைக்கு முதல் கடை மருந்துக் கடைதான். இது ஐரோப்பாவோடு நிற்கவில்லை. 1990-களில் நம் ஊர் பஸ் நிலையங்களுக்குப் பக்கத்தில் 'கோனிகா கலர் லேப்' போர்டு பார்த்திருப்பீர்களே, அந்தக் கோனிகாவின் மூலம் டோக்கியோவில் இருந்த ஒரு மருந்துக் கடை. 1873-ல் மருந்தோடு போட்டோ சாமானும் சேர்த்து விற்கத் தொடங்கியது, பிறகு மருந்தை விட்டுவிட்டது.

இங்கே ஒரு இடைச்செருகல், எனக்குப் பிடித்தது. நம் நாட்டு மருந்துக் கடைக்குள் ஒரு போட்டோகிராபரின் கண்ணோடு நுழைந்து பாருங்கள். டால்பட் 1841-ல் உரிமை வாங்கிய காகித நெகட்டிவ் முறைக்கு டெவலப்பர் காலிக் அமிலம். அது மாசிக்காயிலிருந்து எடுப்பது. குழந்தைக்கு உரைத்துக் கொடுப்போமே, அதே மாசிக்காய். அடுத்து வந்த கொலோடியன் முறைக்கு டெவலப்பர் பெரஸ் சல்பேட், நம் அன்னபேதி. முட்டை வெள்ளைக்கரு பூசிய பிரிண்ட் காகிதத்துக்கு வேண்டிய உப்புகளில் ஒன்று அமோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம். ஹைப்போ கரைசலில் ஜெலட்டினைக் கெட்டிப்படுத்தச் சேர்ப்பது படிகாரம். நிதானமான டெவலப்பர்களில் காரத்துக்காகப் போடுவது வெண்காரம். பெரிய கோவில் பக்கத்துச் சந்திலோ மதுரை வீதியிலோ உள்ள ஒரு கடையின் மர டப்பாக்களில் பாதிப் போட்டோ ஸ்டுடியோ தூங்கிக்கொண்டிருக்கிறது! (அப்படியே வாங்கிப் போட்டுவிடாதீர்கள். நாட்டு மருந்துக்கு வேண்டிய சுத்தம் வேறு, பிலிமுக்கு வேண்டிய சுத்தம் வேறு.) மீதிப் பாதிதான் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. முக்கியமாக வெள்ளி நைட்ரேட்டும், பொட்டாசியம் அயோடைடும், நல்ல காகிதமும்.

பெரிய கோவில் என்றதும் லின்னேயஸ் ட்ரைப் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சென்னை மாகாண அரசு அமர்த்திய போட்டோகிராபர், ராணுவ கேப்டன். 1857 கடைசியில் புறப்பட்டு 1858-ல் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி எடுத்த படங்கள் இன்றும் நமக்குப் பொக்கிஷம். பெருவுடையார் கோவில் விமானத்து அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி 19 அடி நீளப் படமாக ஆக்கினார். ராஜராஜனின் கல்வெட்டுக்கு அப்படி ஒரு புகைப்படப் பதிவு அந்த நாளில்! அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் காகித நெகட்டிவ். அதற்குள் கண்ணாடித் தட்டு முறை வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. கண்ணாடி இன்னும் துல்லியமானது. ஆனால் மெழுகு ஏற்றிய காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு பயணம் போகலாம், உடையாது, கனம் குறைவு. மாட்டு வண்டிப் பாதையும் நம் ஊர் வெயிலும் சேர்ந்துதான் எந்த ரசாயனம் என்பதைத் தீர்மானிக்கும். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். அதற்கு முன் சரக்கு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் வரவேண்டும். சரக்கு தீர்ந்துபோனால் அடுத்த கப்பல்தான். செலவு தாங்காது என்று அடுத்து வந்த கவர்னர் ட்ரெவெல்யன் ட்ரைப்பின் அந்தப் பணியையே மூடிவிட்டார். அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

கண்ணாடித் தட்டு முறை என்றேனே, அது பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-ல் வெளியிட்டது. காப்புரிமை எடுக்காமல் உலகுக்குக் கொடுத்துவிட்டு 1857-ல் ஏழையாக இறந்துபோனார். அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் வருவது கொலோடியன். அதைக் கண்ணாடியில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம்தான் கணக்கு. எங்கே படமோ அங்கே இருட்டறையும் போகவேண்டும். ரோஜர் பென்டன் 1855-ல் கிரிமியப் போர்க்களத்துக்குப் போனபோது ஒரு ஒயின் வியாபாரியின் பழைய வண்டியை வாங்கி, அதையே இருட்டறையாக்கிக் கப்பலில் ஏற்றினார். சாமுவேல் போர்ன் 1860-களில் இமயமலை ஏறியபோது கூட வந்த சுமைகாரர் கூட்டம் ஒரு சிறு கல்யாண ஊர்வலம் அளவு. 18,000 அடிக்கு மேலே நின்று கண்ணாடியில் ஈதர்க் கரைசல் ஊற்றிப் படம் எடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

ஈதர் எப்படிப்பட்டது என்று வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும். உடல் சூட்டுக்கும் கீழே, 35 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் மே மாதத்தில் மூடி திறந்த பாட்டிலில் தங்காது. அதன் ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து போய், தள்ளி எரிகிற விளக்கைப் பற்றிக்கொண்டு திரும்பி வரும். இன்னொரு பக்கம், படத்தை நிலைநிறுத்தப் பலரும் ஹைப்போவுக்குப் பதிலாகப் பொட்டாசியம் சயனைடு வைத்திருந்தார்கள். வேகமாக வேலை செய்யும், கழுவுவது எளிது. விரலில் படிந்த வெள்ளிக் கறையைத் துடைக்கக்கூட அதையே தொட்டார்கள். உயிரிழந்தவர்கள் உண்டு. இப்படிப்பட்ட சாமான்களை யாரும் பொட்டலம் கட்டித் தபாலில் போட முடியாது. முகம் தெரிந்த கடைக்காரர், முகம் தெரிந்த வாடிக்கையாளர் என்றால்தான் நடக்கும். ஆகவே கொலோடியன் காலம் முழுக்கக் கடையின் காலம்.

அதை மாற்றியவர் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஒரு மருத்துவர். ஈதர் ஆவி அவருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாற்று தேடி, ஜெலட்டினில் வெள்ளி புரோமைடைக் கலந்து பூசி, அந்த முறையை 1871-ல் பத்திரிகையில் எழுதினார். மற்றவர்கள் அதை மேம்படுத்தினார்கள். உலர்ந்த தட்டு பிறந்தது. தொழிற்சாலையில் பூசி, காயவைத்து, பெட்டியில் அடைத்து, எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். ஈதரும் சயனைடும் போட்டோகிராபர் வீட்டைவிட்டு வெளியேறின.

ஆனால் எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதற்கு ஒரு காலக்கெடு உண்டு என்று முதலில் சூடுபட்டுத் தெரிந்துகொண்டவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். ராசெஸ்டர் ஊரில் தட்டு தயாரித்து நியூயார்க்கின் பெரிய மொத்த வியாபாரியான ஆந்தணி நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தார். குளிர்காலத்தில் விற்பனை குறைவு, சரக்கு அங்கே தேங்கியது. வசந்தத்தில் புகார்கள் வந்தன: தட்டு மந்தமாக இருக்கிறது, படம் ஏறவில்லை. போய்ப் பார்த்தால், புதுச் சரக்கை மேலே மேலே அடுக்கி, பழையது அடியிலேயே கிடந்து வயதாகிப்போயிருந்தது. ஈஸ்ட்மன் கெட்ட தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 1882-ல் வேறொரு சிக்கலும் வந்தது, ஜெலட்டின் சரியில்லாமல். அப்போதும் மாற்றிக் கொடுத்தார். பிழைக்கத் தெரிந்த மனிதர் மட்டுமில்லை, பெயரைக் காப்பாற்றத் தெரிந்தவரும்கூட. கடை அலமாரியில் சரக்குக்கு வயதாகும் என்ற இந்தப் பாடம் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

1888-ல் அதே ஈஸ்ட்மன் கோடாக் கேமராவைக் கொண்டுவந்தார். 25 டாலர், உள்ளே 100 படத்துக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவையே ராசெஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலருக்குப் படங்களும், புதுச் சுருள் போட்ட கேமராவும் திரும்பி வரும். ஆன்லைன் வியாபாரம் ஏதோ நம் தலைமுறைக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ரசாயனத்தை வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்குப் பதிலாக, வாடிக்கையாளரின் படத்தை ரசாயனம் இருக்கும் இடத்துக்கு வரவழைத்துவிட்டார்! நம் நாட்டிலும் வி.பி.பி. தபால் 1877-லேயே வந்துவிட்டது. பொருள் வந்தபின் தபால்காரரிடம் காசு கொடுக்கும் பழக்கம் நம் தாத்தாக்களுக்குப் புதிதில்லை.

தானே கழுவ விரும்புகிற ஆட்கள் மட்டும் அப்போதும் இருந்தார்கள். அவர்களுக்காகத் தண்ணீரைக் கழற்றிவிட்டு அனுப்பும் கலை வளர்ந்தது. 1891-ல் ஜெர்மனியில் ஆக்பா நிறுவனம் ரோடினால் என்ற டெவலப்பரை விற்கத் தொடங்கியது. சின்ன பாட்டில், அடர்ந்த திரவம். ஒரு பங்குக்கு 25, 50, ஏன் 100 பங்குகூடத் தண்ணீர் கலக்கலாம். வருடக்கணக்கில் கெடாது. இன்றும் வேறு வேறு பெயர்களில் விற்கிறது. லண்டனில் பரோஸ் வெல்கம் மருந்துக் கம்பெனி டெவலப்பரை மாத்திரையாகவே அழுத்தி விற்றது. அவர்கள் மாத்திரைக்கு வைத்த வணிகப் பெயர் 'டாப்ளாய்ட்'. சுருக்கி அழுத்திய எதற்கும் அந்தச் சொல் பரவி, கடைசியில் சின்ன அளவுச் செய்தித்தாளுக்குப் பெயரானது. டீக்கடையில் நாம் புரட்டும் டாப்ளாய்ட் பத்திரிகையின் பெயர் ஒரு மருந்து மாத்திரையிலிருந்து வந்தது.

தூளின் மகிமைக்கு இன்னொரு உதாரணம் கோடாக்கின் டி-76. 1920-களின் பிற்பகுதியில் சினிமா நெகட்டிவுக்காக உருவான டெவலப்பர். சூத்திரத்தை மறைக்காமல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். கூட்டினால் 109 கிராம். பத்து லிட்டர் டெவலப்பருக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும் தூள் போதும், மீதி பத்துக் கிலோ தண்ணீர் உங்கள் ஊரில் இருக்கிறது. இந்தச் சூத்திரம் கையில் இருந்ததால்தான் சின்ன ஊர் ஸ்டுடியோக்காரர்கள் தராசு வைத்து நிறுத்துத் தாங்களே கலந்துகொள்ள முடிந்தது.

தூரத்துச் சரக்கை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1914 சாட்சி. மெட்டால் போன்ற டெவலப்பர்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தன. போர் தொடங்கியதும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அவை கிடைக்கவில்லை, விலை பலமடங்கு ஏறியது. அதன் பிறகுதான் கோடாக் தன் ரசாயனத்தைத் தானே தயாரிக்கும் வேலையில் தீவிரமாக இறங்கியது. சுதந்திர இந்தியாவும் அதே காரணத்தால்தான், இறக்குமதிக்கு அன்னியச் செலாவணி இல்லாமல், 1960-ல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொடங்கியது. 1967-ல் உற்பத்தி ஆரம்பம். குளிர்ந்த, தூசியில்லாத காற்று என்று இடம் பார்த்து வைத்த தொழிற்சாலை. 'இந்து' பிலிமும் பேப்பரும் எக்ஸ்ரே சுருளும் அங்கிருந்து வந்தன. இன்று மூடிக் கிடக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் ஸ்டுடியோ இல்லாத கடைவீதி கிடையாது. ரசாயனம் சென்னை பாரிமுனைப் பக்கமிருந்தோ மாவட்டத் தலைநகர் டீலரிடமிருந்தோ லாரி பார்சலில் வரும். டீலரிடம் சரக்கு மட்டும் வாங்க மாட்டார்கள். "இந்த மழைக்கு டெவலப்பர் சீக்கிரம் பழுப்பாகுதே" என்றால் அவர் மூடியை மெழுகு வைத்து அடைக்கச் சொல்வார். எந்தப் பெட்டி எந்த மாதம் வந்தது என்று அவருக்குத் தெரியும். இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஸ்டுடியோவில் உழைத்துக் களைத்த ஹைப்போவை வாங்கிப் போக ஆள் வருவார்கள். அதில் கரைந்திருக்கும் வெள்ளியை எடுப்பது அவர்கள் தொழில். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைகளிலிருந்தும் பழைய சுருளும் ஹைப்போவும் அப்படியே போகும். சரக்கு வருகிற பாதையில் கழிவு திரும்பிப் போவதற்கும் ஒரு வழி இருந்தது. இன்றைய கூரியர் ஒருவழிப் பாதை.

கலர் வந்ததும் கதை மறுபடி திரும்பியது. கோடாக்ரோம் என்ற புகழ்பெற்ற ஸ்லைடு பிலிம் 1935-ல் வந்தது. அதைக் கழுவும் முறை அவ்வளவு சிக்கல், எந்தக் கடையும் ரசாயனம் விற்று நீங்கள் வீட்டில் செய்ய முடியாது. அமெரிக்காவில் பிலிம் விலையிலேயே கழுவும் கூலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, தபாலில் அனுப்பச் சொன்னார்கள். 1954-ல் ஏகபோகத் தடைச் சட்ட வழக்கு ஒன்றில் ஏற்பட்ட உடன்பாட்டால் அந்தக் கட்டாயம் நீங்கியது. கடைசியில் கான்சஸ் மாநிலத்து பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரே ஒரு லேப் மிஞ்சியது. 2010 டிசம்பர் 30-ஐக் கடைசி நாளாக அறிவித்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்தும் சுருள்கள் அந்த ஊர்த் தபால் நிலையத்தில் வந்து குவிந்தன. ரசாயனம் நின்றது, பிலிம் செத்தது. கழுவாமல் பீரோவில் வைத்திருந்தவர்களின் கலர் அதோடு போயிற்று.

டிஜிட்டல் வந்து ஸ்டுடியோ இருட்டறைகள் ஸ்டோர் ரூம் ஆனபிறகும், எக்ஸ்ரே இருந்தவரை சின்ன ஊர்களில் டெவலப்பரும் பிக்ஸரும் கிடைத்துக்கொண்டிருந்தன. எக்ஸ்ரேயும் கம்ப்யூட்டருக்குப் போனதும் அந்தக் கடைசி நூலும் அறுந்தது. மேலைநாடுகளிலும் இதேதான். ஜெர்மனியின் டெடெனால், 1847 முதல் இருந்த ரசாயனக் கம்பெனி, 2018-ல் திவால் மனு கொடுத்தபோது, வேறு வேறு பிராண்டு பெயர்களில் நாம் பார்த்த பல டெவலப்பர்கள் அந்த ஒரே கூரைக்கு அடியில் தயாரானவை என்பது பலருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆன்லைனில் பத்துக் கடை தெரிகிறதே என்று மகிழ்ந்தால், பத்தும் ஒரே கிணற்றிலிருந்து இறைப்பதாக இருக்கலாம்.

இனி என் மாணவர்களுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

தூளை ஆன்லைனில் வாங்குங்கள். மெட்டால், ஹைட்ரோகுவினோன் இவை சின்ன ஊர்க் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் ஆந்தணி கடைத் தட்டு மாதிரி அடியில் கிடந்ததாக இருக்கும். சோடியம் சல்பைட் காற்றுப்பட்டு மெல்ல மெல்ல சல்பேட்டாக மாறிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைத் தூள், அதுதான் சிக்கல். எனவே அதிகம் விற்கிற இடத்தில், சின்ன பொட்டலமாக வாங்குவது நல்லது. வாங்கும்போது படிக நீர் உள்ளதா இல்லாததா என்று லேபிளில் பாருங்கள். சூத்திரத்தில் நீரற்ற சோடியம் கார்பனேட் 10 கிராம் என்று போட்டிருந்து, நீங்கள் பத்து மூலக்கூறு நீருள்ள படிகத்தை வாங்கியிருந்தால் 27 கிராம் போடவேண்டும். படம் மங்கலாக வந்தால் கேமராவைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். பிளாஸ்டிக் கவரில் பேனாவால் பெயர் எழுதி அனுப்புகிற விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகவேண்டாம்.

அமிலங்களை வரவழைக்காதீர்கள். ஆபத்தான பொருளைத் தபாலில் அனுப்பக்கூடாது என்பது 1898 அஞ்சல் சட்டத்திலேயே இருந்தது. விமானத்தில் போகும் பார்சலுக்கு விதிகள் இன்னும் கடுமை. தீவிர அசிடிக் அமிலம் தோலை அரிக்கும், எரியவும் செய்யும். (16.6 டிகிரியில் உறைந்துவிடும். ஊட்டிக் குளிரில் பாட்டிலுக்குள் பனிக்கட்டியாக நிற்கும், அதனால்தான் அதற்கு 'கிளேஷியல்' என்று பெயர்.) டெவலப்பரை நிறுத்த அது தேவையே இல்லை. மளிகைக் கடை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்தால் போதும். வெள்ளி நைட்ரேட்டும் தபால் சரக்கல்ல. அதை வேண்டுபவர் ஆய்வகச் சாமான் விற்கும் கடைக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்.

மளிகைக் கடை என்றதும் ஒரு செய்தி. ராசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் 1995-ல் ஒரு வகுப்பு, இன்ஸ்டன்ட் காபித் தூளும் சலவைச் சோடாவும் கலந்தே பிலிமைக் கழுவிக் காட்டியது. பின்னால் வைட்டமின் சி சேர்த்து மேம்படுத்தினார்கள். மட்டமான இன்ஸ்டன்ட் காபிதான் நன்றாக வேலை செய்கிறதாம். டிகிரி காபி அபிமானிகள் வருத்தப்பட வேண்டாம், உங்கள் டிகாஷன் தப்பித்தது.

ஹைப்போவுக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். கடையில் போய் வெறுமனே "ஹைப்போ குடுங்க" என்று கேட்காதீர்கள். 2020 கொரோனா காலத்தில் தெருவெல்லாம் தெளித்தார்களே, அதையும் 'ஹைப்போ' என்றுதான் சொல்கிறார்கள். அது சோடியம் ஹைப்போகுளோரைட், பிளீச்சிங் கரைசல். சுத்தம் செய்யும் சாமான் கடையிலும் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர்களிடமும் ஹைப்போ என்றால் அதுதான். அதை பிலிமில் ஊற்றினால் படம் போகும். வினிகர் ஊற்றிய அதே தட்டில் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவை மூடி, துணி அடைத்து, காற்றுப் புகாமல் செய்த குளியலறையில் நிற்கிற பையனுக்கு அது உயிர் ஆபத்து. ஹெர்ஷல் காலத்துப் பெயர்ப் பிசகு இரண்டு நூற்றாண்டு கழித்து இப்படி வந்து நிற்கிறது. பழைய போட்டோ டீலர் இருந்தால் கேட்டவுடனே "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். ஆன்லைன் தேடல் பெட்டி அதைக் கேட்காது, சும்மா நாலு பாட்டிலைக் காட்டும். 'சோடியம் தயோசல்பேட்' என்று முழுப்பெயர் சொல்லுங்கள். திரவமாகக் கொடுத்தாலோ பிளீச்சிங் வாடை அடித்தாலோ வாங்காதீர்கள். நமக்கு வேண்டியது கற்கண்டு மாதிரி நிறமற்ற படிகம், வாசனை கிடையாது. தண்ணீரில் கரைத்தால் பாத்திரம் ஜில்லென்று ஆகும். அந்தக் கரைசலில் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால் நிறம் உடனே மறையும்.

நல்ல செய்தி, இது உள்ளூரிலேயே கிடைக்கும். தண்ணீரில் உள்ள குளோரினை முறிக்க வண்ண மீன் வளர்ப்பவர்கள் இதைத்தான் போடுகிறார்கள். மீன் தொட்டி விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். துணி வெளுக்கும் தொழில் உள்ள ஊர்களில் கெமிக்கல் கடையில் கிலோ கணக்கில் இருக்கும். கட்டி தட்டிப் போயிருந்தாலும் கவலையில்லை, உடைத்துக் கரைத்துக்கொள்ளலாம். அந்த 360 கிராம் தண்ணீருக்குக் கூரியர் கூலி மிச்சம்.

உழைத்த ஹைப்போவைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். வெள்ளி கலந்த நீர் மீனுக்கும் மண்ணில் உள்ள நுண்ணுயிருக்கும் நஞ்சு. வாங்கிப் போக ஆள் வருகிற காலம் போய்விட்டதால் நாமே ஒரு வேலை செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வைத்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் போட்டு ஒரு வாரம் விடுங்கள். எவர்சில்வர் நார் வேண்டாம், துருப்பிடிக்கிற சாதா இரும்பு நார். இரும்பு கரையும், வெள்ளி கருப்புச் சேறாக அடியில் படியும். பத்தாம் வகுப்பில் காப்பர் சல்பேட் கரைசலில் ஆணியைப் போட்டுக் காட்டினேனே, அதே இடப்பெயர்ச்சி வினைதான். சேற்றை வடிகட்டிக் காயவைத்துச் சீசாவில் போட்டு வையுங்கள். ஊரில் வெள்ளி உருக்குகிற பட்டறை இருந்தால் கொண்டுபோய்க் காட்டலாம்.